சிவப்புத் தட்டு

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
மைக்ராஸ்கோப்புக்குக் கீழே ஒரு சில்லு,
சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.
கீறல் இருந்தால் சிவப்புத் தட்டு,
இல்லாவிட்டால் நீலம்.
பன்னிரண்டு மணி நேரத்தில்
நாலாயிரம் முறை இதே தீர்ப்பு.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான்
நாங்கள் பரிதிவளவனைப் பார்க்கிறோம்.

இடது புருவம் நடுவில் அறுந்திருக்கும்,
அந்த இடத்தில் மயிர் முளைக்காது,
வெறும் வெள்ளைக் கோடு.
கன்னத்தில் அம்மைத் தழும்பு நாலு.
ஐந்து என்பாள் கோகிலவாணி;
தாடிக்குள் ஒன்று ஒளிந்திருக்கிறதாம்.
முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல்
சாய்ந்து தூங்கும்,
காலை ஏழு மணி கம்பெனி பஸ்ஸில்
நாங்கள் பாலம் கடப்பதுபோல.

கண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும்.
வலது கண் கொஞ்சம் சின்னது.
வசனத்தைப் பெரிய கண் பேசிவிடும்.
பேசாமல் விட்டதையெல்லாம்
சின்னக் கண் வைத்துக்கொள்ளும்.
ஒரு படத்தில் தங்கச்சியை விமானம் ஏற்றிவிட்டு
வீட்டுக்குப் போன் போட்டு
"சாப்பிட்டாச்சா?" என்பான்.
பெரிய கண் சிரிக்கும்.
சின்னதில் மட்டும் தண்ணீர் ஏறும், விழாது.
விழாமல் அது நின்ற நேரம்
பதினோரு விநாடி என்று தவமலர் எண்ணியிருக்கிறாள்.
ஒன்பதுதான் என்று நூர் அஸ்லினா சண்டைக்கு வருவாள்.
அவளுக்குத் தமிழ் தெரியாது,
சப்டைட்டிலும் படிப்பதில்லை.
அந்த முகம் இருக்கும்போது எழுத்து எதுக்குலா என்பாள்.

தவமலருக்குத் தாடையில்
எண்ணெய் தெறித்த வடு.
கல்யாணப் படத்தில் போட்டோக்காரர்
கேட்காமலே அதைத் துடைத்துவிட்டார்.
ஆல்பத்தை அவள் யாருக்கும் காட்டுவதில்லை.
"மாலை போட்டுக்கிட்டு நிக்கிறது
என் சின்னம்மா மகள் மாதிரி இருக்கு."
கேண்டீனில் நாங்கள் சிரித்தோம்.
அவள் மீ கோரேங்கைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

சம்பளம் வந்த சனிக்கிழமை,
பினாங்கு ஸ்ட்ரீட்.
பூக்கடைக்கும் வடைக்கடைக்கும் நடுவில்
புதுப் படத்தின் சுவரொட்டி.
புருவம் முழுசாக இருந்தது.
கன்னம் கழுவி வைத்த பீங்கான்.
பற்கள் தேசிய தின அணிவகுப்பு.
கண் இரண்டும் ஒரே அளவு,
ஒன்றைப் பிரதியெடுத்து
மற்றதன் இடத்தில் ஒட்டியதுபோல.
தவமலர் கழுத்தைச் சாய்த்தாள்,
ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.
"ரிஜெக்ட்" என்றாள்.
வடையைச் சொல்கிறாள் என்று நினைத்து
கடைக்காரர் முறைத்தார்.

ஆனாலும் போனோம்.
பிராங்கின் மாலில் முதல் காட்சி,
விசிலும் காகிதப் பறவையுமாக.
நாங்கள் நாலு பேர் மட்டும்
துக்கம் கேட்க வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தோம்.
இரண்டு மணி நேரம் அந்த வழவழப்பானவன்
பறந்தான், உதைத்தான், ஆடினான்.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால்
மழையில் ஒரு கார் வந்து நிற்கிறது.
இந்த இடத்தைத் திருத்த மறந்துவிட்டார்கள் போல.
கண்ணாடி இறங்க இறங்க
அறுந்த புருவம்.
அதன்பின் சின்னக் கண்,
யாரையோ தேடி எங்கள் வரிசைவரை வந்தது.
கன்னத்தில் மழைநீர்
தேங்கித் தேங்கி இறங்கியது.

இரண்டு விநாடி இருக்குமா?
நாலு பேரும் எழுந்து நின்று கத்தினோம்.
கத்துவதற்கு அங்கே ஒன்றுமில்லை,
கார்தான் நின்றிருந்தது.
முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
கோகிலவாணி அவர்களுக்குக் கையை விரித்துக் காட்டினாள்:
"அஞ்சு! நான் சொன்னேன்ல, அஞ்சு!"

திங்கள் இரவு.
லென்ஸுக்குக் கீழே ஒரு சில்லு வந்தது,
குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோட்டுடன்.
ஒரு சில்லுக்குப் பத்து விநாடி என்பது கணக்கு.
பதினொன்றுவரை எண்ணினேன்.
சூப்பர்வைசர் மிஸ் லிம்மின் செருப்புச் சத்தம்
என் நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

சிவப்புத் தட்டில்தான் போட்டேன்.
முகம் மேலே இருக்கும்படி
திருப்பிப் போட்டேன்.